பன்னிரண்டுக்கும் பதினேழுக்கும் நடுவே



பழவேற்காடு சிறப்பிதழ் வரப்போகிறது என்று அறிவித்த நாளிலிருந்து ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து கடிதம் வந்தபடி இருக்கிறது. முகத்துவாரம் மணலேறித் தூர்ந்துபோவதைப் பற்றி, டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்து எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பற்றி, பூநாரைகளைப் பற்றி, நண்டுக் குழம்பின் பக்குவத்தைப் பற்றி. எல்லாம் உள்பக்கங்களில் முறைப்படி வருகின்றன. ஒரு கடிதம் மட்டும் எந்தப் பகுதியிலும் அடங்கவில்லை. அது இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எழுதியவர் ஒரு தாய். அவர் பெயரும் குப்பத்தின் பெயரும் வேண்டாம். ஏரிக்கரையில் ஒரு சினிமா ஷூட்டிங் நடந்திருக்கிறது. படகுகளை வாடகைக்கு எடுத்தவர்கள், கூட்டத்தில் ஓட நாலு பிள்ளைகளையும் கேட்டிருக்கிறார்கள். ஓடிய பிள்ளைகளில் இவர் மகளும் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு. அவளைப் பார்த்துவிட்டு உதவி இயக்குநர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அடுத்த படத்தில் கதாநாயகியின் சின்ன வயசு வேஷம் இருக்கிறதாம், பாப்பாவை அனுப்புவீர்களா என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு மூன்று சந்தேகம். அனுப்பலாமா? படிப்பு கெட்டுப்போகுமா? பெரியவளானதும் இவளையே ஹீரோயினாகப் போடுவார்களா?

கோடு போட்ட நோட்டுத் தாளில் வந்த கடிதம். கையெழுத்து அம்மாவுடையதல்ல, மகளுடையது. அம்மா சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். கடிதம் முழுக்க அடித்தல் திருத்தல் இல்லை. 'ஹீரோயின்' என்ற இடத்தில் மட்டும் இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறை அழுத்தி எழுதியிருக்கிறாள். எழுதத் தெரியாமல் அடித்தாளா, எழுதலாமா என்று யோசித்து அடித்தாளா, நான் அறியேன்.

சகோதரி, முதல் இரண்டு கேள்விக்கும் பிறகு வருகிறேன். மூன்றாவது கேள்விதான் கனமானது. தமிழ் சினிமா ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக அதற்குப் பதில் சொல்லிவந்திருக்கிறது, ஆளுக்கொரு பதிலாக.

எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஸ்ரீதேவி. 1963 ஆகஸ்டில் பிறந்தவர். 1969-இல் வந்த 'துணைவன்' படத்தில் பால முருகனாக நின்றார். அதே ஆண்டு 'நம் நாடு' படத்தில் எம்.ஜி.ஆரோடு. 1971-இல் 'பாபு'வில் சிவாஜியோடு. அந்த ஆண்டே மலையாளத்தில் 'பூம்பாட்டா' படத்துக்காகக் கேரள அரசின் குழந்தை நட்சத்திர விருது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் நம் தெலுங்கு வீட்டு வாசகர்களுக்கு வேறொன்று நினைவிருக்கும்: 1972-இல் 'படி பந்துலு' படத்தில் என்.டி.ராமாராவின் பேத்தியாக நடித்த குழந்தை, 1979-இல் 'வேட்டகாடு' படத்தில் அதே ராமாராவுக்கு ஜோடி. பேத்தி நாயகியாகிவிட்டாள், தாத்தா நாயகனாகவே இருந்தார்.

இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1976 தீபாவளிக்கு வந்தது கே.பாலசந்தரின் 'மூன்று முடிச்சு'. அதில் ஒரு படகுக் காட்சி. கமல் துடுப்பு போட, ஸ்ரீதேவி அமர்ந்திருக்க, ரஜினி கூட இருக்கிறார். கமல் தவறித் தண்ணீரில் விழுகிறார். அவருக்கு நீச்சல் தெரியாது. ரஜினி காப்பாற்றாமல் துடுப்பைப் போட்டுக்கொண்டே போகிறார். (பழவேற்காட்டுக்காரர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தால், நீச்சல் தெரியாதவனைப் படகில் ஏற்றியதே முதல் குற்றம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.) காதலனைப் பறிகொடுத்த அந்தப் பெண், பிறகு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு நடுவயது மனிதரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அந்த மனிதரின் மகன்தான் ரஜினி. ஆக, அவள் ரஜினிக்குச் சித்தியாக வீட்டுக்குள் வருகிறாள். மகனை வழிக்குக் கொண்டுவருகிற சித்தி. அந்த வீட்டில் அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவனை ஏறிட்டுப் பார்க்கும் பார்வையில் ஒரு வீட்டெஜமானியின் அதிகாரம் இருக்கும். நடித்தவருக்கு அப்போது வயது 13.

அந்த வயதை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தை இன்னொரு தரம் பாருங்கள். நடிப்பில் பழுது சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை இரண்டாந்தாரமாக வந்து நிற்கிறாள், நாம் யாரும் வயதைக் கேட்கவில்லை. புடவை கட்டிவிட்டால் போதும், வயது ஏறிவிடும் என்று நாமும் நம்பினோம்.

அடுத்த வருஷமே பாரதிராஜாவின் '16 வயதினிலே'. படத்தின் தலைப்பே வயதைச் சொல்கிறது. ஆனால் கதாநாயகி மயிலுக்குப் பதினாறு என்றால் ஸ்ரீதேவிக்குப் பதினான்கு. இருந்தாலும் அவர் வயதுக்குக் கொஞ்சமாவது கிட்டத்தில் வந்த வேஷம் அதுதான் என்பேன். டீச்சராக வேண்டும் என்ற கனவும், பட்டணத்து டாக்டரைக் கண்டதும் வரும் மயக்கமும், ஊர்ப் பையன் சப்பாணியைக் கண்டால் ஒரு அலட்சியமும் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பார்க்கக் கூடிய ஒரு பெண்ணின் குணங்கள். அந்த அலட்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை அவர் முகத்தில் காட்டிய விதத்துக்காகவே படத்தை இன்றும் பார்க்கலாம்.

இன்னும் ஐந்து ஆண்டு தள்ளி, 1982-இல் 'மூன்றாம் பிறை'. விபத்தில் நினைவு தப்பி, உடம்பால் பெரியவளாகவும் மனத்தால் குழந்தையாகவும் ஆகிவிட்ட பெண். நாய்க்குட்டியோடு விளையாடுவாள், அடம்பிடிப்பாள், மை கொட்டிவிட்டு முழிப்பாள். ஸ்ரீதேவிக்கு அப்போது 18. மற்ற நடிகைகள் வாலிபத்தில் நின்றபடி குழந்தையை ஞாபகப்படுத்திக்கொண்டு நடிக்க வேண்டும். இவருக்கு அந்தச் சிரமம் இல்லை. குழந்தையாக இருப்பது இவருக்குச் சின்ன வயதிலிருந்தே தொழில். கேமரா குழந்தையிடம் எதைக் கேட்கும், எந்த இடத்தில் உதடு பிதுக்க வேண்டும், எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் கைவந்த பாடம். எதிரே நின்ற கமல்ஹாசனும் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாக வந்தவர்தான். பிஞ்சு வயதில் ஸ்டுடியோ வெளிச்சத்தில் நின்ற இரண்டு பேர் ஊட்டி மலைப்பக்கம் அப்பா-பிள்ளை விளையாட்டு விளையாடிய படம் அது. கமலுக்குத் தேசிய விருது கிடைத்தது.

கமலின் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'களத்தூர் கண்ணம்மா' 1960. வாலிபனாக அவர் கவனத்துக்கு வந்த 'அரங்கேற்றம்' 1973. நடுவில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் மேடை, பிறகு தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளர் வேலை. குரல் உடைந்து, மீசை அரும்பி, எந்த வேஷத்துக்கும் பொருந்தாமல் இருந்த காலத்தில் அவர் கேமராவுக்குப் பின்னால் நின்று தொழில் கற்றார். ஆண் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடைத்தது. அதே வயதுப் பெண் பிள்ளைக்குத் தாலியை மாட்டிவிட்டார்கள்.

இதை ஸ்ரீதேவி ஒருவரின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் ரஜினியிடம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு உயிரையே வைக்கும் நோயாளிக் குழந்தை. 1993-இல் 'எஜமான்' படத்தில் அதே ரஜினிக்கு மனைவி. இந்த ஒன்பது வருஷக் கணக்கை வைத்து நாம் இன்றுவரை ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நடுவில் 1991-இல் வந்த 'என் ராசாவின் மனசிலே' பற்றி யாரும் ஜோக் அடிப்பதில்லை. முரட்டுக் கணவனைக் கண்டு நடுங்கும் மனைவியாக வந்த மீனாவுக்கு அப்போது 14. படம் பெரிய வெற்றி. மீனாவும் பிறகு 'முத்து', 'அவ்வை சண்முகி' என்று போய், மலையாள 'திருஷ்யம்' படத்தில் இரண்டு பெண் பிள்ளைகளின் தாயாக அருமையாக நிலைத்துவிட்டார். வெற்றிக் கதைதான், மறுக்கவில்லை. வெற்றி பெற்றதால் அந்தத் தாவல் சரி என்று ஆகிவிடுமா என்பதுதான் என் கேள்வி.

உங்கள் ஏரியிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது, சகோதரி. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பையன் முதலில் படகில் தண்ணீர் இறைப்பான். பிறகு வலையில் சிக்கியதைப் பிரிப்பான். பிறகு அப்பாவோடு ஏரிக்குள் போவான். கல்யாணமாகித் தலைக்கட்டு ஆன பிறகுதான் பாட்டில் அவனுக்கென்று பங்கு. எட்டு வயசுப் பையனை எடுத்த எடுப்பில் தலைக்கட்டாக்கி யாரும் பாடு கொடுப்பதில்லை. பெண்களுக்குப் பாட்டில் இடமே இல்லை என்பது வேறு விஷயம், அதைப் பற்றி இந்த இதழில் ஒரு காரசாரமான கட்டுரையே இருக்கிறது. ஆனாலும் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பாருங்கள். அந்தக் கை ஒரே நாளில் வந்ததல்ல. கரையில் நின்று பார்த்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, கெளுத்தி முள் குத்தி, பிறகு வந்தது. வயசுக்கேற்ற படி ஒன்று நடுவில் இருந்தது. சினிமாவில் பெண் பிள்ளைக்கு அந்த நடுப்படி கிடையாது. பத்து வயதில் 'பாப்பா', அடுத்த படியில் கால் வைத்தால் மாலையும் கழுத்துமாக நிற்க வேண்டும்.

நடுப்படி இல்லாத இடத்தில் சிலர் தாமாகவே ஒரு இடைவெளியை உண்டாக்கிக்கொண்டார்கள். ஷாலினி அப்படி. 1983-இல் ஃபாசில் இயக்கிய 'எண்டெ மாமாட்டுக்குட்டியம்மைக்கு' படத்தால் கேரளமே தூக்கிக் கொஞ்சிய குழந்தை. தமிழிலும் தெலுங்கிலும் ஓயாமல் நடித்தார். பிறகு படங்கள் குறைந்தன, ஆள் கண்ணிலிருந்து மறைந்தார். 1997-இல் அதே ஃபாசில் 'அனியத்திப்ராவு' படத்தில் கதாநாயகியாகத் திரும்ப அழைத்துவந்தார். அந்த வருஷமே தமிழில் 'காதலுக்கு மரியாதை'. அந்தப் படத்தில் ஷாலினி தயங்குகிறார், பயப்படுகிறார், அண்ணன்மார் முன் தலை குனிகிறார். கல்லூரிப் பெண்ணுக்கு உரிய தயக்கம், உடம்பில் இயல்பாக உட்கார்ந்திருந்தது. 2000-இல் 'அலைபாயுதே', அதே ஆண்டு கல்யாணம், சீக்கிரமே நடிப்புக்கு முழுக்கு. முழுக்குப் போட்டதும் அவர் முடிவு.

அவர் தங்கை ஷாமிலி மூன்று வயதில் மணிரத்னத்தின் 'அஞ்சலி'யில் நடித்துத் தேசிய விருது வாங்கியவர். நாயகியாகத் தெலுங்கில் 'ஓய்!' (2009), தமிழில் 'வீர சிவாஜி' (2016) என்று சில படங்கள். அஞ்சலிப் பாப்பாவைத் தேடிப் போன ஜனங்களுக்கு அந்தப் பாப்பா கிடைக்கவில்லை. இன்று அவர் ஓவியர். இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. மூன்று வயதில் செய்த வேலையையே வாழ்நாள் முழுக்கச் செய்தால்தான் வெற்றி என்று யார் வகுத்தது?

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த பதில் சச்சு. 'ராணி' (1952), 'தேவதாஸ்' (1953), 'மாயா பஜார்' (1957) என்று குழந்தை வேஷங்கள். 'தேவதாஸ்' படத்தில் சாவித்திரியின் சின்ன வயசு அவர்தான். உங்கள் மகளைக் கேட்டிருப்பதும் அதே மாதிரி வேஷம்தான். 1962-இல் 'வீரத்திருமகன்' படத்தில் கதாநாயகி. வழக்கமாக நாயகியான பிறகு கீழே இறங்க மாட்டார்கள், கௌரவக் குறைச்சல் என்பார்கள். சச்சு 1964-இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷோடு நகைச்சுவைக்குப் போனார். படத்தில் நாகேஷ் தொடங்கும் ஓஹோ புரொடக்ஷன்ஸ் கம்பெனிக்கு வாய்த்த ஒரே ஹீரோயின்! அந்த ஒரு முடிவு அவருக்குப் பல பத்தாண்டுத் தொழிலைக் கொடுத்தது. 'குழந்தையும் தெய்வமும்' (1965) படத்தில் இரட்டைப் பிள்ளைகளாகக் கலக்கிய குட்டி பத்மினி சின்னத்திரைத் தயாரிப்பாளராகி 'கிருஷ்ணதாசி' போன்ற தொடர்களைக் கொடுத்தார். 1937-இல் 'பாலயோகினி' வந்தபோது ஊரெல்லாம் பெண் குழந்தைகளுக்கு சரோஜா என்று பெயர் வைக்கச் செய்த பேபி சரோஜாவோ, சில படங்களோடு ஒதுங்கி, ஓசையில்லாத குடும்ப வாழ்க்கை வாழ்ந்தார். ஆக, 'ஹீரோயினாகப் போடுவார்களா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு பதில்தான் என்று நினைக்காதீர்கள். நாலைந்து உண்டு.

இனி காரியத்துக்கு வருவோம். உதவி இயக்குநர் இனிக்க இனிக்கப் பேசியிருப்பார். சட்டம் என்ன பேசுகிறது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் திருத்தம் வந்தது, 2017-இல் விதிகள் வந்தன. 14 வயது நிறையாத பிள்ளையை நடிக்க வைக்கலாம், ஆனால் மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. பள்ளிப் படிப்பு தடைபடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லாமல் நடிக்க வைக்கவே கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் டெபாசிட் போட வேண்டும், அது அவள் மேஜரான பிறகு அவள் கைக்குப் போகும்.

இந்தக் கடைசி விதியின் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. சார்லி சாப்ளினின் 'தி கிட்' (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் கோடீஸ்வரன் ஆனான். வளர்ந்து பார்த்தபோது பணத்தைத் தாயும் மாற்றாந்தகப்பனும் கரைத்திருந்தார்கள். அவன் வழக்குப் போட்ட பிறகுதான் 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நட்சத்திரங்களின் வருமானத்துக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெற்ற தாயிடமே இதைச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். வலைக் கடன், எஞ்சின் பழுது, மூத்தவள் கல்யாணம் என்று வீட்டில் ஆயிரம் இருக்கும். கையில் இருக்கும் பணம் போகிற வழி நமக்கே தெரியாது. டெபாசிட் ரசீதைக் கேட்டு வாங்கி அவள் பள்ளிச் சான்றிதழ்களோடு வைத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? விதிகள் பேசுவது 14 வயது நிறையாத பிள்ளைகளைப் பற்றி. ஸ்ரீதேவி 13 வயதில் சித்தி வேஷம் போட்ட காலத்தில் இந்தச் சட்டமே இல்லை, மூலச் சட்டம் வந்ததே 1986-இல்தான். இன்று சட்டம் இருக்கிறது, பதினான்கு முடிந்த மறுநாள் அந்தக் குடை மடங்கிவிடுகிறது. சினிமா 'இனி நாயகி' என்று கைநீட்டும் வயதும் அதுவேதான். பதினெட்டு வரையிலான அந்த நாலு வருஷத்துக்கு வீடுதான் முக்கியமான காவல்.

ஆகவே என் யோசனை இது. இப்போது கேட்டிருக்கும் வேஷத்துக்கு அனுப்புங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைப் பார்த்த பிறகு அனுப்புங்கள். ஸ்பாட்டுக்கு நீங்களோ வீட்டில் மூத்த பெண் யாராவதோ கூடவே போங்கள், கேரவன் வாசலில் உட்கார வெட்கப்படாதீர்கள். பேட்டா அன்றன்றைக்கு வாங்கிவிடுங்கள். லீவு நாளில் கால்ஷீட் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லிப் பாடத்தை வாங்கிவையுங்கள். படிப்பு கெடுவது பெரும்பாலும் ஷூட்டிங் நாளில் அல்ல, ஷூட்டிங் முடிந்து ஊர் திரும்பி, கூப்பிடுவார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்களில்தான். 'நீ பெரிய ஹீரோயினாகப் போகிறாய்' என்று குப்பத்தில் ஆளாளுக்குச் சொல்வார்கள், அந்தப் பேச்சை வீட்டு வாசலோடு நிறுத்துங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் யாராவது புடவையோடு வந்தால், பதினெட்டு முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். திறமை இருந்தால் அது காத்திருக்கும். ஷாலினிக்குக் காத்திருந்தது.

அந்தப் பன்னிரண்டுக்கும் பதினேழுக்கும் நடுவில் அவள் என்ன நடிப்பாள்? நியாயமான கேள்வி. தமிழில் அந்த வயதுப் பெண்ணுக்கென்று எழுதப்பட்ட வேஷங்கள் கைவிரலுக்குள் அடங்கும். யாரோ எழுதுவார்கள் என்று காத்திருப்பானேன்? நம் வாசகர்களிடமே கேட்டுவிடுகிறேன்.

அன்பர்களே, 12 முதல் 17 வயது வரையுள்ள ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி ஓரங்க நாடகம் ஒன்று எழுதி அனுப்புங்கள். அரை மணி நேரத்துக்குள் நடித்து முடிக்கும்படி இருக்க வேண்டும். அரசுப் பள்ளி மேடையில், ஒரு பெஞ்சும் ஒரு விளக்கும் இருந்தால் போடக் கூடியதாக இருக்க வேண்டும். காதலன் வேண்டாம், கல்யாணம் வேண்டாம், கடைசிக் காட்சியில் அவள் கலெக்டராகவும் வேண்டாம். அவள் வயது அவளுக்கு இருந்தால் போதும். ஏரிக்கரைப் பேச்சிலோ உங்கள் ஊர்ப் பேச்சிலோ எழுதலாம். தேர்வாகும் நாடகங்களைக் கோடை விடுமுறைக்கு முந்தைய இதழில் வெளியிடுகிறோம். எந்தப் பள்ளியும் எங்களிடம் கேட்காமலே எடுத்து நடிக்கலாம், சன்மானம் எழுதியவருக்கு நாங்கள் கொடுத்துவிடுகிறோம். உறையின் மேல் 'ஓரங்க நாடகம்' என்று எழுத மறக்க வேண்டாம். முதல் பிரதி, கோடு போட்ட தாளில் எழுதிய அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தபாலில் போகும்.

அன்புடன்,
ஆசிரியர்